தக்காளியில் வெளிறல் நோய்: கொழும்பு மொட்டைமாடித் தோட்டக்காரருக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு முறை தக்காளியைப் பறிகொடுத்த பிறகு இதை எழுதுகிறேன். வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்குப் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றின் மொட்டைமாடியில் பதினெட்டுப் பை வைத்தேன். முதல் முறை பதினான்கு கன்று போயிற்று. இரண்டாம் முறை பன்னிரண்டு. மூன்றாம் முறை ஒன்றே ஒன்று. இடையில் எந்தப் புது மருந்தும் என் கையில் வந்துவிடவில்லை. கன்றுக்கு என்ன வருத்தம் என்று தெரியாமல் மருந்து அடிப்பதை விட்டேன், மழை பெய்யும் மாதங்களில் நடுவதை விட்டேன். இந்த இரண்டையும் முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

நாங்கள் வெளிறல் என்பதைத் தமிழ்நாட்டார் கருகல் என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான். தேடும்போது இரண்டு சொல்லையும் போட்டுத் தேடுங்கள்.

உங்கள் கன்றில் ஏற்கெனவே புள்ளி விழுந்துவிட்டதென்றால் முதலாம் படியிலிருந்து வரிசையாக வாருங்கள். இன்னும் விதை போடவில்லை என்றால் ஆறாம், ஏழாம் படிகளை முதலில் வாசியுங்கள். காசை மிச்சப்படுத்துவது அவைதான்.

1. இன்றைக்கே செய்ய வேண்டியவை

குழாயைப் பிடித்து மேலிருந்து தண்ணீர் அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். இனி வேரடியில் மட்டும், அதுவும் காலையில். இலை இரவெல்லாம் ஈரமாக இருப்பதுதான் இந்த நோய்க்கு நாம் போடும் சாப்பாடு.

பிறகு கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு நோய்க்கன்றுக்கும் நான்கு படம் எடுங்கள்: முழுக்கன்று, கீழ் இலையின் மேற்புறம், அதே இலையின் அடிப்புறம், தண்டு மண்ணைத் தொடும் இடம். மூன்றாம் படியில் நீங்கள் யாரிடம் போனாலும் கேட்கப்போவது இவற்றைத்தான். நான் முதல் முறை ஒரே ஒரு கருகிய இலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். அது போய்ச் சேர்வதற்குள் அவிந்துவிட்டது. அதை வைத்து ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பையில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நோய் பட்ட பையைத் தூக்கி மாடியின் மற்ற மூலைக்குக் கொண்டுபோகலாம். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்க மூலையில் வையுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது தொடவே வேண்டாம். நல்ல கன்றுகளைப் பார்த்து முடித்துவிட்டுத்தான் நோய்க்கன்றில் கை வைக்க வேண்டும்.

2. எந்த நோய் என்று பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். என் நட்டத்தில் பாதி இங்கேதான் நடந்தது.

முதல் முறை இலை கருகியபோது இணையத்தில் ஆங்கிலக் கட்டுரைகளைத் தேடி வாசித்தேன். 'உடனே எல்லாவற்றையும் பிடுங்கி அழித்துவிடு, இல்லாவிட்டால் ஒரு கிழமையில் தோட்டமே போய்விடும்' என்று ஒன்றுக்கு மூன்றில் இருந்தது. பயந்துபோய், காய் பிடித்திருந்த ஏழு கன்றுகளைப் பிடுங்கினேன். அவை பின்வெளிறல் என்ற நோயைப் பற்றிய கட்டுரைகள் என்பது பிறகுதான் தெரிந்தது. என் கன்றுக்கு வந்திருந்தது முன்வெளிறல். அந்த ஏழிலும் கீழ் இலையைக் கழித்துவிட்டிருந்தால் இன்னும் ஒரு மாதமாவது பழம் பறித்திருப்பேன்.

பின்வெளிறல், பைட்டோப்தோரா என்ற கிருமியால் வருவது. அதற்குக் குளிரும் ஈரமும் சேர்ந்து வேண்டும். இருபது பாகை செல்சியசுக்கு அண்மையில் வெப்பநிலை இருந்தால் அது செழிக்கும், முப்பதை எட்டினால் அடங்கிவிடும். நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் உருளைக்கிழங்கையும் தக்காளியையும் வாட்டுவது அது. கொழும்பில் இரவு கூடப் பெரும்பாலும் இருபத்திரண்டுக்குக் கீழே இறங்காது. ஆகவே இங்கே அது அபூர்வம். இலையில் தண்ணீர் ஊறியதுபோல ஒழுங்கில்லாத கரும்பச்சைத் திட்டு, ஈரமான காலையில் அடிப்புறத்தில் வெள்ளைப் பூசணம், தண்டில் கருங்கபிலப் பட்டை, எல்லாம் ஓரிரு நாளில் பரவுவது: இவ்வளவும் சேர்ந்து இருந்தால் மட்டும் அதை நினையுங்கள்.

முன்வெளிறல்தான் நம் ஊர்க்காரர். ஆல்டர்னேரியா என்ற பங்கசு. இருபத்துநான்கு முதல் இருபத்தொன்பது பாகை வரை அதற்கு மிகவும் பிடித்த வெப்பநிலை, அதாவது கொழும்பின் வழக்கமான நாள். மூத்த கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறும். ஓர் இலையைப் பறித்துக் கைப்பேசி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கபிலப் புள்ளிக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் தெரியும், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிவதுபோல. புள்ளியைச் சுற்றி மஞ்சள் ஓரம் இருக்கும். ஒரு புள்ளி ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வளரும். காயில் வந்தால் காம்படியில் கறுத்து, பதிந்து, தோல் போலத் தடித்திருக்கும். வளையத்தைக் கண்ணால் கண்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

புள்ளி சிறிதாக, இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவில், நடுவில் சாம்பல் நிறமாக, அதற்குள் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் பொட்டோடு ஏராளமாக இருந்தால் அது செப்டோரியா இலைப்புள்ளி. வேறு பங்கசு, ஆனால் கவனிப்பு முன்வெளிறலுக்குச் சொல்வதேதான்.

இனி வெளிறலே இல்லாதவை. இவற்றை வெளிறல் என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள்தான் அதிகம். நானும் அடித்தேன்.

இரண்டாம் முறை, இலையில் ஒரு புள்ளி கூட இல்லாமல் கன்று பச்சையாகவே தலை சாய்ந்தது. மத்தியானம் சாயும், இரவில் நிமிரும், மூன்றாம் நாள் நிமிராது. 'வெளிறல் வேருக்குப் போய்விட்டது' என்று நானே முடிவுகட்டி இரண்டு கிழமை பங்கசுநாசினி அடித்தேன். கடைசியில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர், "அக்கா, வீட்டில கண்ணாடிக் கிளாஸ் இருக்குத்தானே? அடித்தண்டை வெட்டித் தண்ணியில பிடிச்சுப் பாருங்கோ" என்று சொல்லிக் கொடுத்தார்.

குசினியில் ஒரு கிளாஸில் தெளிந்த தண்ணீர் எடுத்தேன். மண்ணுக்குச் சற்று மேலே தண்டை வெட்டி, ஒரு விரல் நீளத் துண்டைத் தண்ணீருக்குள் அடிமுட்டாமல் தொங்கப் பிடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்நூல் ஒன்று மெல்ல இறங்கியது. பிறகு இரண்டு, மூன்று. கிளாஸின் அடியில் சேர்ந்து தண்ணீர் கலங்கியது. அது பற்றீரியா வாடல். அதற்கு எந்த மருந்தும் இல்லை. கன்றை, வேரோடும் பை மண்ணோடும், கட்டி அகற்ற வேண்டியதுதான். வெட்டிய கத்தியை அப்படியே அடுத்த கன்றில் வைத்தால் அதுவும் போகும். நான் அப்படித்தான் மூன்றை இழந்தேன்.

தண்டின் அடியில், மண் மட்டத்தில், வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்து கடுகு அளவில் வெள்ளையும் கபிலமுமாக மணிகள் இருந்தால் அது அடித்தண்டு அழுகல். அதையும் மண்ணோடு அகற்ற வேண்டும்.

காயின் அடிப்பக்கம், காம்புக்கு எதிர்ப்பக்கம், கறுத்துத் தட்டையாக இருந்தால் நோயே அல்ல. தண்ணீர் ஒரு நாள் நிறைய, மறுநாள் இல்லை என்று விடுவதால் காய்க்குக் கல்சியம் போய்ச் சேராத குறை. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று உப்பைக் கொண்டுவந்து கொட்டும். கடல் பக்கம் பார்த்த இலைகளின் ஓரம் மட்டும் கருகும், வளையம் இராது. மறுபக்கத்து இலை பச்சையாகவே இருக்கும். அதற்கு மருந்து வேண்டாம், காற்றுத் தடுப்பு வேண்டும்.

3. யாரிடம் காட்டுவது, என்ன கொண்டுபோவது

செலவில்லாத வழி 1920. விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம். எனக்குத் தமிழில் பதில் கிடைத்தது. அழைக்கும் முன் நான்கு விடயத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ரகத்தின் பெயர், நாற்று நட்ட நாள், முதல் புள்ளியைக் கண்ட நாள், கடைசியாக அடித்த மருந்தின் பெயரும் நாளும். இவை இல்லாமல் பேசினால் பொதுவான பதில்தான் வரும்.

நேரில் காட்ட விரும்பினால் உங்கள் பகுதிக்குரிய விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது பயிர் மருத்துவ நிலையம் நடக்கும் நாளையும் இடத்தையும் விசாரியுங்கள். கொழும்பு நகருக்குள் இருப்பவர்கள் 'நமக்கெல்லாம் விவசாய அலுவலகம் எங்கே' என்று நினைத்துவிடுகிறோம். மேல் மாகாணத்துக்கும் விவசாயத் திணைக்களம் உண்டு, வீட்டுத்தோட்டக்காரரையும் கவனிப்பார்கள். பயிர் மருத்துவ நிலையத்தில் கட்டணம் இல்லை. கன்றைப் பார்த்து, நோயின் பெயரையும் செய்ய வேண்டியதையும் ஒரு படிவத்தில் எழுதித் தருவார்கள். அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள். மருந்துக் கடையில் அதைக் காட்டிக் கேட்டால் வேறு ஒன்றைத் தலையில் கட்ட மாட்டார்கள்.

கொண்டுபோகும் மாதிரி: நோய் தொடங்கும் நிலையில் உள்ள இலைகள், நல்ல பகுதியும் நோய்ப்பகுதியும் சேர்ந்து இருக்கும்படி. செய்தித்தாளில் சுற்றி, பிறகு பொலித்தீன் பையில். தண்ணீர் தெளிக்க வேண்டாம். வாடல் என்றால் வேரோடு முழுக்கன்று. காலையில் பறித்து அன்றைக்கே கொடுங்கள்.

4. கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்

முன்வெளிறல் என்று உறுதியானால், இலை காய்ந்திருக்கும் நேரம் பார்த்து, புள்ளி விழுந்த கீழ் இலைகளைத் தண்டோடு ஒட்ட வெட்டுங்கள். ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலையைக் கழிக்க வேண்டாம், கன்று சோர்ந்துவிடும், காயும் வெயிலில் வெந்துவிடும். மிச்சத்தை ஐந்தாறு நாள் கழித்துப் பார்க்கலாம். மண்ணிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு இலையே இல்லாமல் தண்டு வெறுமையாக நிற்க வேண்டும். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறித்தால் எட்டும் தூரம் அது.

ஒரு கன்று முடிந்து அடுத்ததற்குப் போகும்போது கத்தரிக்கோலை அற்ககோலில் நனைத்த துணியால் துடையுங்கள். பாமசியில் விற்கும் கை கழுவும் அற்ககோல் போதும்.

வெட்டியவற்றை வீட்டு கொம்போஸ்ட் பெட்டியில் போடாதீர்கள். வீட்டுப் பெட்டியில் கிருமி சாகும் அளவுக்குச் சூடு ஏறாது, பங்கசு காய்ந்த இலையில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். கறுப்புப் பொலித்தீனில் இறுகக் கட்டி மாடியில் வெயிலில் இரண்டு கிழமை வைத்து, பிறகு குப்பைக்குக் கொடுங்கள். நான் முதல் முறை கழித்த இலைகளை கொம்போஸ்டில் போட்டு, அதே கொம்போஸ்டை இரண்டாம் முறைக்குப் பசளையாகப் போட்டேன்.

5. மருந்து

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுத்தோட்டக்காரர் வாங்கக்கூடிய பங்கசுநாசினிகளில் பெரும்பாலானவை, விழுந்த புள்ளியைக் குணப்படுத்தாது. புள்ளி விழாத இலைக்குக் கவசமாக இருக்கும், அவ்வளவுதான். ஆகவே நான்காம் படியைச் செய்யாமல் ஐந்தாம் படிக்கு வந்தால் காசு தண்ணீரில் போகும்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது மான்கோசெப். எண்பது வீதத் தூள் என்றால் வழக்கமாக ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு கிராம். ஆனாலும் உங்கள் பக்கற்றின் சிட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம். அங்கே மூன்று விடயத்தைத் தேடுங்கள்: பதிவு இலக்கம், காலாவதித் திகதி, கடைசியாக மருந்து அடித்ததற்கும் பறிப்பதற்கும் இடையில் விட வேண்டிய நாட்கள். இந்த மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. நான் ஒட்டுநாடாத் துண்டில் 'இன்ன திகதிக்கு முன் பறிக்காதே' என்று எழுதிப் பையிலேயே ஒட்டிவிடுவேன். வீட்டில் பிள்ளைகள் போகிற போக்கில் பழத்தைப் பறித்து வாயில் போடுவார்கள், அவர்களுக்கு உங்கள் நாட்கணக்குத் தெரியாது.

பொறி இதுதான்: சில கடைகளில் பெரிய பக்கற்றைப் பிரித்து ஐம்பது, நூறு கிராமாக உறையில் கட்டித் தருவார்கள். மலிவு, நமக்கு வேண்டிய அளவும் அதுவே. நான் வாங்கினேன். சிட்டை இல்லை, திகதி இல்லை, உள்ளே இருப்பது என்னவென்றும் உறுதி இல்லை. அடித்த மூன்றாம் நாள் தளிரெல்லாம் கருகியது. கடைக்காரரிடம் கேட்க என்னிடம் பற்றுச்சீட்டும் இல்லை. சிட்டையோடு மூடிய பக்கற்றைத்தான் வாங்குங்கள், பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அளவு பெரிதென்றால் தோட்டம் செய்யும் இரண்டு பேர் சேர்ந்து வாங்கலாம். ஆனால் அந்தப் பக்கற் ஒரே வீட்டில், பூட்டிய இடத்தில் இருக்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் மான்கோசெப்புக்கான அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டது. அதைத் தெரிந்த பிறகு நான் ஒரு போகத்தில் இரண்டு தடவைக்கு மேல் அதைத் தொடுவதில்லை. மழை விடாமல் பெய்யும் கிழமையில் மட்டும்தான் எடுப்பேன்.

அதற்கு மாற்று போர்டோ கலவை. ஒரு லீற்றருக்குப் பத்துக் கிராம் மயில்துத்தம் (கொப்பர் சல்பேற்று), பத்துக் கிராம் நீற்றிய சுண்ணாம்பு. இளங்கன்றுக்கு இரண்டையும் பாதியாக்குங்கள், இல்லாவிட்டால் இலை சுடும். அரை லீற்றர் தண்ணீரில் மயில்துத்தம், மற்ற அரை லீற்றரில் சுண்ணாம்பு, இரண்டும் பிளாஸ்ரிக் வாளியில். உலோகப் பாத்திரம் கூடாது. மயில்துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். பிறகு துரு ஏறியிராத ஒரு சாதாரண இரும்பு ஆணியை ஒரு நிமிடம் அதற்குள் பிடித்து எடுங்கள். ஆணியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். ஆணி நிறம் மாறாமல் வந்தால் வடித்து அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் பயனில்லை.

அடிக்கும் நேரம் காலை ஆறு, ஆறரை. ஒன்பது பத்து மணிக்குக் கடற்காற்று எழும்பிவிட்டால் மருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். தொடர்மாடி மொட்டைமாடி என்றால் முதல் நாளே எல்லா வீட்டுக்கும் வட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். கொடியில் உடுப்பு காயப்போட்டிருந்தால் அன்று அடிக்கவே வேண்டாம். கையுறை, முகக்கவசம், நீளக்கைச் சட்டை. இலையின் அடிப்புறம் நனைய வேண்டும். ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு முறை, மழை கழுவியிருந்தால் மழை விட்டு இலை காய்ந்த பின். தவறி யாராவது விழுங்கிவிட்டால் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைத்து வைத்தியசாலைக்குப் போகும்போது பக்கற்றையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அந்தச் சிட்டைதான் வைத்தியருக்கு வேண்டும்.

வேப்பெண்ணெய் பற்றி எல்லோரும் கேட்பார்கள். வெள்ளை ஈ, அசுவினிக்கு அது உதவும். முன்வெளிறலுக்கு நான் ஆறு கிழமை விடாமல் அடித்துப் பார்த்தேன், புள்ளி ஏறிக்கொண்டேதான் இருந்தது. அப்பச்சோடா, பால் இரண்டையும் இதற்கு நம்பி உட்கார வேண்டாம்.

6. அடுத்த நடுகைக்கு முன்

மருந்தை விட எனக்குக் கைகொடுத்தது ஒரு கூரை. நான்கு கம்பு நட்டு, மேலே தெளிந்த பொலித்தீன் விரிப்பு, நான்கு பக்கமும் திறந்தபடி. மழை இலையில் படாது, காற்று ஓடும். பக்கங்களையும் மூடினால் உள்ளே ஆவி கட்டி நிலைமை இன்னும் மோசமாகும். பொலித்தீன், கயிறு, கம்பி எல்லாம் புறக்கோட்டைப் பக்கம் மலிவு, ஆனால் வெயிலைத் தாங்கும் விரிப்பா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண விரிப்பு சில மாதத்தில் வெடித்துத் தூளாகும்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் கூரை போட முன் முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். வாயால் கேட்டால் அடுத்த குழு வந்ததும் கழற்றச் சொல்வார்கள். கடிதத்தில் எத்தனை பை, மொத்த நிறை எவ்வளவு, தண்ணீர் எங்கே வடியும் என்ற மூன்றும் இருக்கட்டும். நனைந்த நிலையில் ஒரு பையின் நிறையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பைக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். வேரும் அழுகும், நுளம்பும் பெருகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாடிக்கு ஏறி வந்தால் முதலில் பார்ப்பது இந்தத் தட்டைத்தான். பையைச் செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள்.

பழைய மண்: வாடல் வந்த பை மண் வேண்டவே வேண்டாம். வெளிறல் மட்டும் வந்த மண்ணை ஈரமாக்கி, தெளிந்த பொலித்தீனால் இறுக மூடி, நல்ல வெயிலில் நான்கு முதல் ஆறு கிழமை வைத்தால் மீண்டும் பயன்படுத்தலாம். ஆனாலும் அதில் இரண்டு வருடத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். பயற்றை, வெண்டி, கீரை போடுங்கள். பழைய தாங்குகம்புகளை ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்த குளோரின் வெளுப்பியில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவிக் காயவிடுங்கள்.

விதை: விவசாயத் திணைக்கள விற்பனை நிலையங்களில் திலின, ரி-245 (T-245) போன்ற ரகங்களைக் கேளுங்கள். பக்கற்றில் முளைதிறனும் காலாவதித் திகதியும் அச்சிட்டிருக்கும். வெறும் பக்கற்றைத் தோட்டக் குறிப்பேட்டில் ஒட்டி வையுங்கள். நோய்க்கன்றின் பழத்திலிருந்து விதை எடுக்க வேண்டாம், பங்கசு விதையோடும் வரும். கைக்கு வந்த விதையில் நம்பிக்கை இல்லையென்றால் ஐம்பது பாகைச் சுடுதண்ணீரில் இருபத்தைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். வெப்பமானி இல்லாமல் கைக்கணக்கில் செய்யாதீர்கள், விதை வெந்துவிடும்.

இன்னொன்று, கன்றைப் பட்டினி போடாதீர்கள். காய் நிறையப் பிடித்து, தழைச்சத்துக் குறைந்து கீழ் இலை வெளுத்த கன்றில்தான் முன்வெளிறல் ஓடி ஏறும். காய்ப்பு தொடங்கியதும் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கூட்டெரு போட்டு, மேலே வைக்கோல் அல்லது காய்ந்த தென்னோலைத் துண்டால் மூடுங்கள். மண் தெறிப்பதையும் அது தடுக்கும்.

7. நாட்காட்டி

யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்யும் சித்தப்பாவிடம் கேட்டு, அவர் சொன்ன மாதத்தில் நட்டேன். அவர் சொன்னது அவருடைய மண்ணுக்குச் சரி. அங்கே மழை ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை, மே தொடக்கம் செப்டெம்பர் வரை பெரும்பாலும் வறட்சி. கொழும்பில் அந்த வறண்ட மாதங்களில்தான் தென்மேல் பருவமழை. ஏப்ரல்-மே ஒரு உச்சம், ஒக்டோபர்-நவம்பர் இன்னொரு உச்சம். புதுவருடம் கழித்து ஏப்ரலில் நட்டது மே மழையில் போனது. செப்டெம்பரில் நட்டது ஒக்டோபர் மழையில் போனது.

இங்கே மழை குறைந்த மாதங்கள் ஜனவரி, பெப்ரவரி. பூவும் காயும் அந்த மாதங்களில் இருக்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். நவம்பர் நடுப்பகுதியில் கூரைக்குக் கீழே நாற்றுத் தட்டில் விதை. மூன்று, நான்கு கிழமையில், டிசெம்பர் இரண்டாம் கிழமையளவில், பைக்கு மாற்றுங்கள், ஒரு பைக்கு ஒரு கன்று, பைகளுக்கு இடையே ஐம்பது சென்ரிமீற்றராவது இடைவெளி. ஜனவரி நடுவில் பூ. பெப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும் வரை பறிப்பு. டிசெம்பரில் மாற்றிய முதல் இரண்டு கிழமையிலும் இடையிடையே மழை வரும், கூரையை அதற்கு முன் போட்டு முடித்திருக்க வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டாம் முறை செய்யத்தான் வேண்டும் என்றால் ஜூன் கடைசியில் விதைக்கலாம், கூரையோடு மட்டும். நான் செய்வதில்லை, அந்த மாதங்களில் அதே பைகளில் வல்லாரையும் பொன்னாங்காணியும் நன்றாக வருகின்றன.

8. செலவு

மூன்றாம் முறைக்கு நான் கொடுத்தவை, பதினெட்டுப் பைக்கு. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ஒரு பருமட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். விதை முந்நூறு ரூபாவுக்குள். பை, தும்புச்சோறு, கொம்போஸ்ட் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குக் கிட்ட. கூரைக்கு விரிப்பும் கம்பும் ஒன்பதாயிரம், அது அடுத்த போகங்களுக்கும் நிற்கும். இரண்டு லீற்றர் கைத்தெளிகருவி ஆயிரத்து இருநூறு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் அறுநூறு. ஒரே தடவையில் எல்லாம் வாங்கக் கையில் இல்லையென்றால் பையைப் பாதியாகக் குறைத்து, கூரையை முதலில் போடுங்கள். மருந்துக்கென்று முதல் இரண்டு முறையும் நான் கொட்டிய காசு கூரையின் விலையைத் தாண்டியிருந்தது.

மார்ச் கடைசிக் கிழமையில் பின்னேர இடிமழை தொடங்கியதும் கன்றில் காய் மிச்சமிருந்தால் காத்திருக்க வேண்டாம். அடிப்பக்கம் பச்சை மாறி இலேசாக நிறம் ஏறத் தொடங்கிய காய்களை எல்லாம் காம்போடு பறித்து, துடைத்து, ஒன்றோடொன்று படாமல் செய்தித்தாளில் பரப்பி, பக்கத்தில் இரண்டு வாழைப்பழம் வைத்து மூடுங்கள். ஐந்தாறு நாளில் பழுத்துவிடும். காம்படியில் கறுப்பு விழுந்த காயை அவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். கன்றுகளை அன்றைக்கே வெட்டிக் கறுப்புப் பொலித்தீனில் கட்டிவிட்டு, பை மண்ணுக்கு ஏப்ரல் வெயில் இருக்கும்போதே விரிப்பைப் போட்டு மூடிவிடுங்கள்.